'சிசிஃபியன்' வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது?

காரிமங்கலத்தாள்:
வணக்கம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக நகர முடியவில்லை. எங்கள் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி வெளியூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியிருக்கிறது. அதைத் தமிழாக்கித் தருவது என் வேலை. பன்னிரண்டு பக்கம் சிக்கலில்லாமல் போனது. ஏரிக்குள் மண்டிய சீமைக் கருவேலத்தை ஊர்க்காரர்கள் மூன்று முறை வெட்டினார்கள், மூன்று முறையும் அது திரும்ப வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, 'இது ஒரு சிசிபியன் வேலை' என்று முடிக்கிறார்கள்.

'முடிவற்ற, பயனற்ற வேலை' என்று எழுதினேன். எழுதியதும் அழித்தேன். இந்த அறிக்கை கிராம சபையில் வாசிக்கப்படப் போகிறது. முள் கிழித்த கையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம், நீங்கள் செய்தது பயனற்ற வேலை என்று வாசிப்பதா? எங்கள் அம்மாவே நூறு நாள் வேலையில் அந்த ஏரிக்குள் இறங்கியவர். ஒரே சொல்லாக, உறைக்கிற மாதிரி, ஆனால் வேலை செய்தவரைக் குத்தாத மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கிளிமூக்கு:
'சாண் ஏறினால் முழம் சறுக்கும்.' முடிந்தது. அடுத்த கேள்வி வரலாம்.

அரூர் கணக்கு:
தம்பி அவசரப்படுகிறார். ஒரு முழத்துக்கு இரண்டு சாண். சாண் ஏறி முழம் சறுக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் நஷ்டம். பத்துத் தடவை ஏறியவன் பத்துச் சாண் பள்ளத்தில் கிடப்பான். கிரேக்கக் கதையில் மலைமேல் கல் உருட்டும் தண்டனை பெற்ற சிசிஃபஸுக்கு அப்படி இல்லை. அடிவாரத்தில் தொடங்குகிறான், உச்சிக்குப் பக்கத்தில் போகிறான், கல் உருண்டு அடிவாரத்துக்கே வருகிறது. வரவு செலவு சரி, கையிருப்பு பூஜ்யம். நம் பழமொழி வட்டிக்கு வாங்கியவன் கணக்கு. அவன் கதை வேறு.

அப்புறம் அம்மா, அது 'சிசிபியன்' இல்லை. ஆங்கிலத்தில் 'ஃபீ' மேல் அழுத்தம் கொடுத்து 'சிசிஃபீயன்' என்பார்கள். எழுத்தில் சிசிஃபியன் என்றே வைத்துக்கொள்வோம்.

கிளிமூக்கு:
பழமொழிக்கு ஸ்கேல் வைத்து அளக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் சார். சரி, செக்குமாடு?

அரூர் கணக்கு:
செக்குமாடு சுற்றினால் எண்ணெய் வருமே. மாட்டுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஓசூர் மும்மொழி:
எங்கள் தெருவில் கன்னடத்தில் ஒன்று சொல்வார்கள்: 'ஹொளெயல்லி ஹுணசெஹண்ணு தொளெத ஹாகெ'. ஆற்றில் புளியைக் கழுவின மாதிரி என்று அர்த்தம். நம் 'ஆற்றில் கரைத்த புளி'யும் அதுதான். புளி விளைகிற கிருஷ்ணகிரிக்காரனுக்கு வயிறு எரியும் உவமை. ஆனால் மேடம் கேட்பதற்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். புளி ஒரு தடவைதான் கரையும். கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 'விழலுக்கு இறைத்த நீர்' கூட அப்படித்தான், வீணானது என்று மட்டும் சொல்கிறது. மறுபடி இறைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

பழைய ஏடு:
சொல்லைத் தேடுவதற்கு முன் கதையைச் சரியாகப் பார்ப்போம். பலரும் கல்லில் தொடங்குகிறார்கள். கல் கடைசியில் வருவது.

சிசிஃபஸ் கொரிந்து நகரத்து அரசன். அந்த ஊருக்கு எஃபிரா என்று பழைய பெயர். சாமர்த்தியத்துக்குப் பேர்போனவன். ஆசோப்பஸ் என்ற நதித் தெய்வத்தின் மகள் ஏகினாவைத் தேவர்களின் அரசன் ஜீயஸ் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அப்பன் தேடி அலைகிறான். யார் தூக்கியது என்று சிசிஃபஸுக்குத் தெரியும். சும்மா சொல்லவில்லை. 'என் மலைக்கோட்டையில் தண்ணீர் இல்லை, ஓர் ஊற்று கொடு, சொல்கிறேன்' என்று பேரம் பேசினான். ஊற்று வந்தது, ரகசியம் போனது, ஜீயஸுக்குக் கோபம் வந்தது.

சாவுத் தெய்வத்தை அனுப்புகிறார்கள். அதையே சங்கிலியில் கட்டிவைத்துவிட்டான். உலகத்தில் ஒருவரும் சாகவில்லை. போர்த் தெய்வம் வந்து கட்டை அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. சரி, மாட்டினான் என்றால் அதுவும் இல்லை. போவதற்கு முன்பே மனைவியிடம், எனக்கு ஈமக்கடன் செய்யாதே என்று சொல்லிவைத்திருந்தான். கீழுலகம் போய், 'பாருங்கள், என் பெண்டாட்டி எனக்குக் காரியம்கூடச் செய்யவில்லை, போய் அவளைக் கண்டித்துவிட்டு வருகிறேன்' என்று அனுமதி வாங்கித் திரும்பி வந்தவன், கிழவனாகும்வரை போகவே இல்லை. சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறினாலும் கதை இதுதான். கல் இதற்கெல்லாம் சேர்த்து.

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில், பதினோராவது பகுதியில், கல் தள்ளும் காட்சி மட்டும் இருக்கிறது. என்ன குற்றத்துக்கு என்று ஹோமர் சொல்லவே இல்லை. கையாலும் காலாலும் முட்டித் தள்ளுகிறான், வியர்வை வழிகிறது, தலைக்கு மேல் புழுதி. உச்சியைத் தாண்டப் போகும் நேரத்தில் பாரம் திருப்பிவிடுகிறது. அந்தக் கல்லுக்கு ஹோமர் கொடுக்கும் அடைமொழியைத் தமிழில் 'மானங்கெட்ட கல்' என்றுதான் சொல்ல வேண்டும். உயிரில்லாததை உயிருள்ளதுபோல் பேசுவதற்கு அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டாகச் சொன்ன இடங்களில் இதுவும் ஒன்று.

கிளிமூக்கு:
மலைக்கோட்டைக்குத் தண்ணீர் கேட்டவனுக்கா தண்டனை? எங்கள் பக்கம் என்றால் எம்எல்ஏ ஆக்கியிருப்போம். ஒகேனக்கல் குழாயில் தண்ணீர் வரும்வரை ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறின மாவட்டம் சார் இது. ஊற்றுக்காகக் காட்டிக்கொடுத்தான் என்றால் நான் அவன் கட்சி.

பழைய ஏடு:
எம்எல்ஏ என்றதும் நினைவுக்கு வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ், கீழுலகத்தில் சிசிஃபஸ் என்று ஒருவனும் இல்லை என்கிறார். பதவிக்காக மக்கள் முன்னால் நின்று நின்று ஒவ்வொரு தடவையும் தோற்றுத் திரும்புகிறானே, அவன்தான் சிசிஃபஸ், இந்த உலகத்திலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறான் என்கிறார்.

ஓசூர் மும்மொழி:
அப்படிப் பார்த்தால் மேட்டூர் 'தேர்தல் மன்னன்' இருக்கிறாரே! 200-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றவர். 2024-ல் நம் தருமபுரித் தொகுதிக்கும் மனு போட்டார். ஆனால் அவருக்குத் தோற்பதே லட்சியம். ஜெயித்தால்தான் சங்கடம்.

காரிமங்கலத்தாள்:
ஐயா, கதைக்கு நன்றி, பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இது எனக்கு இன்னும் சிக்கலாகிறது. சிசிஃபஸ் தெய்வங்களை ஏமாற்றியவன். எங்கள் ஊரார் யாரை ஏமாற்றினார்கள்?

கிளிமூக்கு:
வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. இதைவிடப் பொருத்தமாக ஒன்று வராது அக்கா. விக்ரமாதித்தன் கஷ்டப்பட்டுத் தோளில் தூக்கிவருகிறான், பாதி வழியில் வாயைத் திறக்கிறான், அது பறந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. அப்படியே கல் கதைதான். மரம் வேறு இருக்கிறது, கருவேலத்துக்கும் ஒட்டும்.

பழைய ஏடு:
இதை நானும் எதிர்பார்த்தேன், இதுதான் வடிவத்தில் மிக நெருங்கியது. வடமொழியில் சிம்சபா மரம், தமிழுக்கு வந்தபோது முருங்கையாயிற்று. ஆனாலும் இரண்டு இடத்தில் விலகுகிறது. ஒன்று, அது முடிவுள்ள கதை. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை, வாயை மூடிக்கொள்கிறான், வேதாளம் வந்துவிடுகிறது. இரண்டு, இன்றைய பேச்சில் அந்தப் பழமொழி தூக்கியவனைப் பற்றியதே இல்லை. குடியை நிறுத்தியவன் மறுபடி குடித்தால் 'வேதாளம் ஏறிவிட்டது' என்கிறோம். பழைய புத்தி திரும்பியதைச் சொல்கிறோம். கிராம சபையில் வாசித்தால் யாரையோ திட்டுவதாகத்தான் கேட்கும்.

அரூர் கணக்கு:
கேரளத்தில் ஒருவர் உண்டு. பாலக்காடு மாவட்டம் ராயிரநெல்லூர் மலையில் கல்லை உருட்டி உருட்டி மேலே கொண்டுபோய், உச்சியிலிருந்து தானே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பாராம். நாறாணத்துப் பிராந்தன் என்பார்கள். துலாம் மாதம் முதல் தேதி இன்றைக்கும் மக்கள் அந்த மலை ஏறுகிறார்கள். அவருக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. உருட்டியதும் அவர், தள்ளியதும் அவர்.

ஓசூர் மும்மொழி:
இப்போது யாராவது பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவை இழுத்து வருவார்கள் பாருங்கள். நானே இழுத்துவிடுகிறேன். 1942-ல் வெளியான அவர் கட்டுரை, சிசிஃபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று முடிகிறது.

ராகிக்காட்டான்:
கல் தள்ளுகிறவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

நான் தளிப் பக்கம். இந்த இழையைப் பரண் மேல் உட்கார்ந்து படிக்கிறேன். ஆடியில் ராகி விதைப்போம். ஐப்பசி கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கும்போது சரியாக யானை வரும். பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி ஜவளகிரி, தளி, நொகனூர், தேன்கனிக்கோட்டை என்று சானமாவுக் காடுவரை வருடா வருடம் அதே வழி. வனத்துறை ஆட்கள் ராத்திரியெல்லாம் நடந்து விரட்டிக் காட்டுக்குள் சேர்ப்பார்கள். நாங்கள் தகரம் தட்டுவோம், டார்ச் அடிப்போம், வெடி போடுவோம். நான்கு நாளில் மறுபடி அதே கரும்பாறை மாதிரி வரப்பில் நிற்கும். எங்கள் தாத்தா விரட்டினார், அப்பா விரட்டினார், நான் விரட்டுகிறேன்.

இதற்கு முடிவு கிடையாதுதான். ஆனால் பயன் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் அந்த வருடத்துக் களி இல்லை. முடியாத வேலை வேறு, வீணான வேலை வேறு. உங்கள் ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. நீங்கள் வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள்.

(யானைகளைக் கேட்டால், பாட்டன் காலத்து வழியில் நாங்கள் நடக்கிறோம், இந்த மனுஷங்க ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று சொல்லுமோ என்னவோ.)

கிளிமூக்கு:
அண்ணா, பார்த்து இறங்குங்கள். போன் வெளிச்சம் வேண்டாம்.

அரூர் கணக்கு:
ராகிக்காட்டான் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வீட்டில் பாத்திரம் கழுவுவது, வாசல் பெருக்குவது எல்லாம் முடியாத வேலை. யாரும் வீண் என்று சொல்வதில்லை. சொன்னால் சோறு கிடைக்காது. அப்படியென்றால் சிசிஃபியன் என்பதற்கு மூன்று நிபந்தனை போடலாம்: முடியப்போகும் நேரத்தில் குலைய வேண்டும், குலைந்ததை அதே ஆள் மறுபடி செய்தாக வேண்டும், செய்ததற்குக் கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. கருவேலம் வெட்டியதில் விறகு மிஞ்சியதா இல்லையா?

மஞ்சவண்டி:
நான் பாலக்கோட்டில் ஜேசிபி ஓட்டுகிறேன். இலக்கியம் தெரியாது. ஆனால் மூன்று தடவை முளைத்தது என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அது சாகாது மேடம். தரைக்குக் கீழே, கட்டையும் வேரும் சேரும் இடத்தில்தான் அதற்கு மொட்டு எல்லாம் இருக்கிறது. மேலே வெட்டுவது அதற்கு முடி வெட்டின மாதிரி. ஒரு தண்டாக இருந்தது அடுத்த வருடம் ஏழெட்டுத் தண்டாக வரும். அந்தக் கட்டையை ஒரு முழ ஆழத்துக்கு வேரோடு பெயர்த்துப் போட்டால்தான் அடங்கும். அதோடு விட்டாலும் ஆகாது. ஆடு மாடு அந்த நெற்றைத் தின்று சாணி போட்ட இடமெல்லாம் விதை. மழை பெய்ததும் பொடிப் பொடியாக முளைக்கும். அப்போது கையால் பிடுங்கலாம், பிள்ளைகள்கூடப் பிடுங்கும். விட்டுவிட்டால் ஒரே வருடத்தில் முள் ஏறிவிடும். பெயர்த்த பிறகு நான்கைந்து மழைக்குத் தொடர்ந்து பிடுங்கினால் ஏரி உங்களுடையது.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வண்டி ஓடியது. நானும் ஓட்டினேன். வேரோடு எடுத்த இடங்களில் சில இன்றைக்கும் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் ஒரு இடத்தில், பேர் வேண்டாம், குத்தகை எடுத்தவர் 'கட்டையைத் தொடாதே, மேலே மட்டும் வெட்டு' என்றார். ஏன் என்று கேட்டேன். மூன்று வருடத்தில் மறுபடி விறகு வரும், கரி மூட்டம் போடலாம் என்றார். வாத்தியார் ஐயா கேட்டாரே, விறகு மிஞ்சியதா என்று. மிஞ்சியது, வெட்டினவர்களுக்கு இல்லை.

காரிமங்கலத்தாள்:
இப்போதுதான் அம்மாவைக் கேட்டுவிட்டு வந்தேன். மூன்று தடவையும் அரிவாளால் தரையோடுதான் வெட்டினார்களாம். 'கட்டையைத் தோண்டக் கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போனோம், வேணாம்னு சொல்லிட்டாங்க' என்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுகிறார்.

எனக்கு இந்தச் சொல் மேலேயே எரிச்சல் வருகிறது. சிசிஃபியன் என்று எழுதியவுடன் எல்லாம் விதியாகிவிடுகிறது. கல் உருளும், அது கல்லின் குணம், தள்ளுகிறவன் பாவம், ஜீயஸை யார் கேட்பது? இங்கே மேலே நின்று தள்ளிவிட்ட கை ஒன்று இருக்கிறது.

கிளிமூக்கு:
அப்போது இது நாறாணத்துப் பிராந்தன் கதைதான் அக்கா. ஒரே வித்தியாசம், உருட்டுகிறவர் ஒருவர், தள்ளிவிட்டுச் சிரிக்கிறவர் இன்னொருவர்.

பழைய ஏடு:
தம்பி, இந்த இழையிலேயே சிறந்த வரி இதுதான். இத்தனை நேரம் விளையாடிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தேன்.

அரூர் கணக்கு:
ஒரு நிமிடம். நீங்கள் மொழிபெயர்ப்பாளர், நீதிபதி இல்லை. அவர்கள் சிசிஃபியன் என்று எழுதியிருந்தால் அது தவறான தீர்ப்பாகவே இருந்தாலும் அதைத்தான் தமிழில் தர வேண்டும். உங்கள் சண்டையைத் தனிக் கடிதத்தில் போடுங்கள். மூலத்தைத் திருத்த ஆரம்பித்தால் அதற்கு எல்லை இல்லை.

ஓசூர் மும்மொழி:
சார் சொல்வது சரி. ஆனால் சிசிஃபஸ் யார் என்று தெரியாத சபையில் அந்தப் பேரைப் போட்டால் அது மூலத்துக்கு விசுவாசமா? ஆங்கிலம் படிப்பவனுக்கு அந்தப் பேரைக் கேட்டதும் கல் தெரியும், மலை தெரியும். நம் ஆட்களுக்கு ஏதோ வைரஸ் பேர் மாதிரி இருக்கும்.

பழைய ஏடு:
உண்மை. சாவை ஏமாற்றியவன் பேரை வைத்துச் சொல் செய்தது அவர்கள் வழக்கம். தகடூரில், அதாவது நம் தருமபுரியில், நாம் நினைவு வைத்திருப்பது நேர் எதிரானவனை. நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கையில் கிடைத்தும், தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானை. (புறநானூறு 91-ல் ஔவையே பாடியிருக்கிறார்.)

சொல்லுக்கு வருகிறேன். பெயரடையாகவே தேடுவதை விட்டுவிடலாமே? தமிழில் இதற்கு இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. வினையை அடுக்கினால் போதும். உருட்ட உருட்ட, தள்ளத் தள்ள, விரட்ட விரட்ட. யார் செய்தார், எத்தனை முறை, எப்போது முடியும் என்று ஒன்றும் சொல்லாமலே அந்த ஓயாமை வந்துவிடுகிறது. 'வெட்ட வெட்டத் துளிர்க்கும் முள்' என்று எழுதிப் பாருங்கள்.

கிளிமூக்கு:
ஐயா, அது வாழ்த்து மாதிரி இருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கட்டும் உங்கள் குடும்பம்!

அரூர் கணக்கு:
தம்பி சொல்வது சரி. தோண்டத் தோண்ட ஊறுவது குறளின் மணற்கேணி, அது நல்லது. அடுக்கு நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். பின்னால் வரும் வினைதான் தீர்மானிக்கும். 'துளிர்க்கும்' அழகான சொல், முள்ளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். 'வெட்ட வெட்ட முளைத்துக்கொண்டே இருக்கிறது' என்றால் எரிச்சல் தெரியும்.

ராகிக்காட்டான்:
'மல்லுக்கட்டுவது' என்று சேருங்கள். மல்லுக்கட்டுகிறவனை யாரும் வீண் ஆள் என்று சொல்ல மாட்டார்கள். தோற்றாலும் மல்லுதான்.

காரிமங்கலத்தாள்:
முடித்துவிட்டேன். இப்படி வந்திருக்கிறது: 'வெட்ட வெட்ட முளைத்துக்கொண்டே இருக்கும் முள்ளோடு ஊரார் மூன்று முறை மல்லுக்கட்டியிருக்கிறார்கள், கல்லை மலைமேல் உருட்டிக்கொண்டுபோக, அது ஒவ்வொரு முறையும் உருண்டு வந்த கதைதான் இது.' பேரைப் போடவில்லை, கல்லை வைத்துக்கொண்டேன். வாத்தியார் ஐயா சொன்னபடி மூலத்தைத் திருத்தவில்லை. வேர்க்கட்டை விஷயத்தைத் தனியாக ஒரு பக்கம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன், அறிக்கையோடு இணைத்தே வாசிக்கலாமா என்று கேட்டு. அம்மா சொன்னதையும் அதில் சேர்த்திருக்கிறேன், பேர் போடாமல். நேற்று அனுப்பினேன், பதில் இன்னும் இல்லை.

அரூர் கணக்கு:
'உருண்டு வந்த' வேண்டாம், 'உருண்டு இறங்கிய' என்று போடுங்கள். மற்றபடி நன்றாக இருக்கிறது.

மஞ்சவண்டி:
மேடம், எந்தக் கிராம சபையில் வாசிக்கிறீர்கள்? அக்டோபர் 2 என்றால் அதற்குள் ஏரியில் தண்ணீர் ஏறிவிடும், வண்டி இறங்காது, சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் தை மாசிவரை காத்திருக்க வேண்டும். கட்டையைப் பெயர்ப்பது பேச்சாக மட்டும் இல்லை என்றால் மே 1 கூட்டத்துக்கே கொண்டுபோங்கள். ஏரி எத்தனை ஏக்கர், கரையில் வண்டி ஏற வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

காரிமங்கலத்தாள்:
மே 1 தான். வழி இருக்கிறதா என்று நாளைக் காலையில் அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.